குடிப்பீங்களா என்று டாக்டர் கேட்டார்

அறுபதுகளின் நடுவில் செஞ்சியிலிருந்து ஒரு நாளிதழுக்குச் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தேன். மதுவிலக்குக் காலம். சாராய வழக்கில் யார் யாரைப் பிடித்தார்கள் என்று காவல் நிலையத்தில் கேட்டு எழுதுவதுதான் பெரும்பாலும் வேலை.

பக்கத்து வீட்டுக்காரன் மல்லாட்டை மண்டியில் நிலக்கடலை மூட்டைகளை எடை போடுகிறவன். கல்யாணமாகி ஏழு வருடம், பிள்ளையில்லை. மருமகளை மலடி என்று அவன் அம்மா தெருவுக்கே கேட்கும்படி திட்டுவாள். ஆவணிக்குள் ஒன்றும் தரிக்காவிட்டால் தன் தம்பி மகளை அவனுக்குக் கட்டிவைப்பது என்று முடிவு செய்திருந்தாள்.

காரணம் எனக்குத் தெரியும். மண்டி மூடியதும் மலையடிவாரத்துச் சாராயம். அது கிடைக்காத நாளில் போதைக்கு மருந்துக்கடை இஞ்சி டிங்சர். ஒருமுறை அவனே சொன்னான்: "வருசக்கணக்கா ஒண்ணும் முடியலப்பா. கிட்டப் போனா கைதான் நடுங்குது." அதற்கு மருந்தென்று சந்தையில் லேகியம் வாங்கித் தின்றான். அதில் கஞ்சா கலந்திருந்தது. தின்றதும் தைரியம் வந்தது; வேறொன்றும் வரவில்லை.

அவன் மனைவி தனியாகவே அரசு ஆஸ்பத்திரிக்குப் போனாள். உன்னிடம் குறையில்லை, புருஷனைக் கூட்டி வா என்று சொல்லிவிட்டார்கள். அவள் என்னிடம் வந்தாள்.

"நீங்க கூப்ட்டா அது வரும்ண்ணே. நான் சொன்னா அத்தை நம்பாது. டாக்டர் வாயால வந்தாத்தான் நான் இந்த வூட்ல இருக்க முடியும்."

கூட்டிப்போனேன். டாக்டர் எல்லாவற்றையும் விசாரித்துவிட்டு, "குடிப்பீங்களா? கஞ்சா, லேகியம் எதாவது?" என்றார்.

"சாமி சத்தியமா இல்லீங்க."

டாக்டர் அவன் கைகளைப் பார்த்தார். "குடியால வந்ததுன்னா, நிறுத்தினா நிறைய பேருக்குச் சரியாகும். மறைச்சா நான் ஒண்ணும் செய்ய முடியாது."

மறுபடியும் இல்லையென்றான். டாக்டர் என் பக்கம் திரும்பினார். நான் மேஜைமேல் கிடந்த ஸ்டெதாஸ்கோப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சீட்டில் சத்து மாத்திரை எழுதினார்.

வெளியே வந்ததும், "ஏன்யா மறைச்சே?" என்றேன்.

"கவர்மெண்ட் ஆசுபத்திரிய்யா. அவரு ஸ்டேசனுக்கு எழுதிப்புட்டா? அப்பறம் நீயே பேப்பர்ல போடுவ!" என்று சிரித்தான்.

வீடு திரும்பியபோது அவன் மனைவி வாசலிலேயே நின்றிருந்தாள். "குடிக்கிறத சொல்லிச்சா?"

நான் தலையசைத்த விதத்திலேயே புரிந்துகொண்டாள். "நீங்களாவது சொல்லியிருக்கலாமில்ல," என்றாள். ஆம்பளை விஷயம், வெளியே சொல்லக்கூடாது என்று நினைத்திருந்தேன்.

ஆவணியில் பந்தல் போட்டார்கள். மனைவி இருக்கும்போது இரண்டாம் கல்யாணம் சட்டப்படி குற்றம். யாரும் புகார் கொடுக்கவில்லை, நானும் எழுதவில்லை. அதற்கு முந்தின நாளே அவள் தகரப் பெட்டியோடு பஸ் ஏறிவிட்டாள்.

அடுத்த வருடமே புதியவளும் மலடியானாள். ஒருநாள் மாமியார் இல்லாத நேரம் பார்த்து என் வீட்டு வாசலுக்கு வந்து, "ஆஸ்பத்திரிக்கு எங்க வூட்டுக்காரர கூட்டிப் போனது நீங்கதானே?" என்று கேட்டாள். இந்த முறை ஒன்றுவிடாமல் சொன்னேன்.

அவள் ஆச்சரியப்படவில்லை. "கல்யாணத்துக்கு முன்னாடியே அக்கா எங்க வூட்டுக்கு வந்து இத்தயேதான் சொல்லிச்சி. பொறாமையில பேசுதுன்னு நைனா தொரத்திட்டாரு. மாப்ள வூட்லேர்ந்து டாக்டர் சீட்ட வாங்கிப் பாத்தாங்க. வெறும் சத்து மாத்திரைதான் இருந்துது."