அன்னாசி நார்ச் சட்டை

எனக்கு எட்டு வயதாக இருந்தபோது, லண்டன் நோர்பரியில் எங்கள் வீட்டு மேல்மாடி அறையில் ஒரு பிலிப்பைன்ஸ் அன்ரி வாடகைக்கு இருந்தார். அம்மாவோடு ஒரே முதியோர் இல்லத்தில் வேலை. மே மாதத்தில் ஒரு ஞாயிறு அவருடைய நாட்டுக்காரர்கள் தேவாலயத்திலிருந்து மாதா ஊர்வலம் போவார்கள். அதற்கு உடுத்தும் சட்டையை, தன் அறையில் இடம் போதாதென்று, எங்கள் முன்னறையில் கொழுவி வைத்திருந்தார்.

அதன் கைகள் இரண்டும் தோளுக்கு மேலே வண்ணத்துப்பூச்சிச் சிறகு போல விறைத்து நிற்கும். துணிக்குப் பின்னால் விரலை வைத்தால் முன்னால் தெரியும். அன்னாசி இலையில் நார் எடுத்து நெய்ததாம். தன் ஊர்ப் பெண்களுக்கு ஒரு முழம் நெய்யவே நாட்கணக்காகும் என்றார். ஆள் இல்லாத நேரம் மோந்து பார்த்தேன். அன்னாசி மணக்கவில்லை. எனக்குப் பெரிய ஏமாற்றம்.

ஊர்வலத்துக்கு முதல் நாள் அம்மா கடைக்குப் போயிருந்தார். அப்பா குசினியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். அன்ரி இரவு ஷிப்ட் முடித்து மேலே நித்திரை. சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டேன். கண்ணாடியில் பார்த்தபோது எனக்கே என்னைப் பிடித்துப்போயிற்று. அப்படியே சோபாவில் சாய்ந்து கார்ட்டூன் பார்த்ததுதான் பிழை. எழும்பியபோது இடது சிறகு நசுங்கித் தொங்கியது.

அம்மா வாசலிலேயே பைகளைப் போட்டுவிட்டார்.

"என்னடி செய்து வைச்சிருக்கிறாய்? நாளைக்கு அவ என்னத்தை உடுத்துறது?"

அடி விழும் என்று நினைத்தேன். அவரோ அரிசியைக் களைந்து அடுப்பில் வைத்தார். கஞ்சியை வடித்து, விரலால் தொட்டுத் தொட்டுச் சிறகில் தடவி, கவிழ்த்த கிண்ணமொன்றின் மேல் போட்டு ஹெயார் டிரையரைப் பிடித்தார். சிறகு அரைவாசி நிமிர்ந்த நேரத்தில் அன்ரி படியிறங்கி வந்தார்.

அம்மா தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னார். பிறகு என்னை முன்னால் தள்ளினார்.

"அன்ரியிட்டச் சொறி சொல்லு."

சொன்னேன். அழுகையில் பாதிதான் வெளியே வந்தது.

அன்ரி சிறகைத் தொட்டார், விரலை மோந்தார், சிரிக்கத் தொடங்கினார். அவருடைய அம்மாவும் அரிசிக் கஞ்சிதான் போடுவாராம். இருவருமாக மற்றச் சிறகுக்கும் போட்டார்கள். பின்னேரம் இரண்டும் முன்னைவிட விறைப்பாக நின்றன.

காய்ந்ததும் அன்ரி சட்டையை எனக்கே போட்டுவிட்டு, திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு என் சப்பாத்தைக் கழற்றி, அடியில் இருந்த இலக்கத்தை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக்கொண்டார். அம்மா அன்ரியின் முதுகைத் தடவிக்கொண்டு நின்றார்.

அன்ரிக்கு ஊரில் என் வயதில் ஒரு மகள் இருந்ததும், அவளைப் பார்த்து மூன்று வருடமானதும் அம்மாவுக்குத் தெரியும். எனக்குத் தெரியாது. சில நாள் கழித்து, ஊருக்கு அனுப்பும் பெட்டியில் அன்ரி ஒரு சிவப்புச் சப்பாத்துச் சோடியை வைத்து மூடியதைப் பார்த்தேன். என் அளவுதான். அடுத்த முறை கடைக்குப் போகும்போது எனக்கும் வாங்கி வருவார் என்று நம்பி, பல வாரங்கள் காத்திருந்தேன்.