எதுக்கு முதலாளி

பதுளைக் கடைவீதியில் தர்மலிங்கம் பிள்ளை எங்கே என்று கேட்டால் நாலு பேர் யோசிப்பார்கள். ‘எதுக்கு முதலாளி’ எங்கே என்று கேட்டால் புதிதாக வந்த வண்டிக்காரன்கூட அரிசிக் கடையைக் காட்டுவான். யார் எதைச் சொன்னாலும் ‘எதுக்கு?’ என்று ஒரு தடவை கேட்டுத் தெளியாமல் தலையை அசைக்க மாட்டார் மனிதர். கோயில் நன்கொடையா, எதுக்கு? சாட்சிக் கையெழுத்தா, எதுக்கு? பின்னால் வந்த பிள்ளைகள் இதைக் கஞ்சத்தனம் என்று நினைத்துச் சிரித்தார்கள். கஞ்சத்தனம் இல்லை அது. பட்ட பின் வந்த புத்தி.

பன்னிரண்டு வயதில் ராமநாதபுரம் பக்கமிருந்து கப்பலேறி இலங்கைக்கு வந்தவர். பெரகலைக்கு மேலே மலைப்பாதையில் மாடு இழுக்க மறுத்த இடத்திலெல்லாம் வண்டியைத் தள்ளிக்கொண்டே பதுளைக்கு வந்து சேர்ந்ததாகச் சொல்வார். நாற்பதில் சொந்தக் கடை. மடுல்சீமைத் தோட்டங்கள் வரைக்கும் அவர் அரிசிதான் போயிற்று. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஏழாம் வருஷம் ஊர்க் காரியம் பார்க்கும் போர்டிலும் ஒரு நாற்காலி கிடைத்தது. அன்றைக்கே கறுப்புக் கோட்டு ஒன்று தைத்துக்கொண்டார்.

வினை என்னவென்றால், போர்டில் பேச்சு முழுவதும் இங்கிலீசு. தர்மலிங்கத்துக்கு இங்கிலீசில் கையெழுத்துப் போடத் தெரியும். ‘எஸ் சார்’, ‘வெரி குட் சார்’ தெரியும். மிச்சத்தைக் கோட்டு பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிட்டார். கடையில் கல்லாவின் மேல் எப்போதும் இங்கிலீசுப் பத்திரிகை விரித்துக் கிடக்கும். கொத்தமல்லி மடிக்க அதைக் கிழிப்பதென்றால்கூட ஒரு நாள் கழித்துத்தான். படித்து முடித்த மாதிரி இருக்க வேண்டுமல்லவா! தெரியாது என்று சொல்ல அவருக்கு வெட்கம். உண்மையில் எதற்கு வெட்கப்பட வேண்டும் என்பது பிறகுதான் தெரிந்தது.

போர்டுக்குத் தெருக் கூட்டுகிறவர்களின் லயம் ஆற்றோரத்தில் இருந்தது. இரண்டு வரிசை, இருபது அறை. குடிக்கிற தண்ணீரும் ஆற்றிலேதான், அதுவும் மாடறுக்கிற கொட்டகைக்குக் கீழே. மழை முடிகிற மாதங்களில் அங்கே வாந்திபேதி தவறாமல் வரும். மேலே மலையில் நல்ல ஊற்று ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. குழாய் போட்டு அதை லயத்து வாசலில் விழவைத்தால் போதும். அப்படி விழுகிற தண்ணீரை மலைநாட்டில் பீலி என்பார்கள்.

பூவம்மா என்கிறவள்தான் அந்த லயத்துக்கு வாய். கடைவீதியைக் கூட்டுவதும் அவள்தான். ஒரு காலையில் கடைக்கு முன்னால், சாக்கடைக்கு அந்தப் பக்கமே நின்றாள். அந்த ஜனங்கள் கடைப்படி ஏறுவதில்லை. ஏறச் சொல்லித் தர்மலிங்கமும் கேட்டதில்லை.

“மொதலாளி, அடுத்த வருசத்துத் திட்டத்துல எங்க பீலியையும் எழுதியிருக்காங்களாம். போர்டு கூடுறப்ப நீங்க ஒரு கை கொடுக்கணுங்க.”

“ஒரு கை என்ன, ரெண்டு கையும் தூக்குறேன். போ, பீலி வந்த மாதிரிதான்” என்றார் தர்மலிங்கம். சொல்லும்போது நெஞ்சு நிறைந்துதான் இருந்தது. மனிதர் கெட்டவர் இல்லை.

கார்த்திகை மாதத்தில், அடுத்த வருஷத்து வரவு செலவுத் திட்டத்தை எடுத்துப் பார்க்கப் போர்டு கூடியது. மேசையைச் சுற்றி ஐந்து பேர். தலைமையில் அரசாங்க ஏஜண்டு துரை, பக்கத்தில் ரோட்டுத் துரை, எதிரில் ஆஸ்பத்திரி டாக்டர் துரையும் ஒரு சிங்கள வக்கீலும், கடைசி நாற்காலியில் கோட்டுப் போட்ட நம்மவர். மூலையில் குறிப்பெழுதும் கிளாக்கர் ஷுக்ரி பேனாவோடு இருந்தார். வெளியே வராந்தாவில் லயத்துச் சனம் பத்துப் பதினைந்து பேர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். ஒரு வார்த்தை புரியாது அவர்களுக்கு. முகத்தையும் கையையும் பார்க்கலாமே என்று வந்திருந்தார்கள்.

ஒவ்வொரு இனமாகப் படித்தார்கள். விளக்கு எண்ணெய், பாலத்துப் பலகை, வண்டி மாடு. தர்மலிங்கம் அவ்வப்போது ‘வெரி குட் சார்’ என்றார். கடைசியில் அவருக்குத் தெரிந்த ஒரு சொல் வந்தது: ‘வோட்டு’. அதைத் தொடர்ந்து லயம், தண்ணீர் என்பதற்கான சொற்களும் காதில் விழுந்தன. ரோட்டுத் துரை ஏதோ சொன்னார், டாக்டர் எரிச்சலாக ஏதோ பதில் சொன்னார். பிறகு ஏஜண்டு துரை எல்லோரையும் பார்த்து ஒரு கேள்வி கேட்டார், மறுபடியும் ‘வோட்டு’.

வோட்டு என்றால் என்னவென்று தர்மலிங்கத்துக்கா தெரியாது? அவர் போர்டுக்கு வந்ததே வோட்டால்தான். வோட்டு என்றால் ஆதரவு. பீலிக்கு ஆதரவு கேட்கிறார் துரை. முதல் ஆளாகக் கையை உயர்த்தினார். காதோடு ஒட்டி, விறைப்பாக, ஜன்னலுக்குத் தெரிகிற மாதிரி உயர்த்தினார். அப்புறம் ரோட்டுத் துரை உயர்த்தினார், ஏஜண்டு துரை உயர்த்தினார். டாக்டரும் வக்கீலும் கையை மேசையிலிருந்து எடுக்கவே இல்லை. ‘ஏழைகளுக்கு ஒரு வாய்த் தண்ணி கொடுக்க மனசில்லாத பாவிகள்’ என்று அவர்களை ஒரு பார்வை பார்த்தார் தர்மலிங்கம். டாக்டர் அவரைத் திருப்பி ஒரு பார்வை பார்த்தார். அதன் அர்த்தமும் அவருக்கு விளங்கவில்லை.

வெளியே வந்ததும், “ஜெயிச்சாச்சு!” என்றார். “மூணு கை நம்ம பக்கம். அந்த டாக்டரும் வக்கீலுந்தான் தூக்கலே. பெரிய படிப்புப் படிச்சவங்க, அவங்க மனசு அம்புட்டுத்தான்.”

பூவம்மா ஒரு செவ்வந்தி மாலையைத் தூர நின்றே நீட்டினாள். தர்மலிங்கம் குனிந்து கையில் வாங்கிக்கொண்டார். அன்று அவர் வீட்டுக்கு நடந்தா போனார்? பறந்துதான் போனார்.

லயத்துக்காரர்கள் சும்மா இருக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமையில் வாசலைச் சமன்படுத்தி, தண்ணீர் விழுவதற்கு ஆற்றிலிருந்து பெரிய பலகைக்கல் ஒன்றை உருட்டிக்கொண்டு வந்து பதித்தார்கள், தண்ணீர் ஓட வாய்க்காலும் வெட்டினார்கள். தை பிறந்தது, மாசி பிறந்தது, குழாயைக் காணோம். தர்மலிங்கம் ஷுக்ரியைக் கடைக்குக் கூப்பிட்டுவிட்டார்.

“என்ன கிளாக்கர், பீலி வேலை எப்பத் தொடங்குறாங்க?”

ஷுக்ரி அவரை விசித்திரமாகப் பார்த்தார். “எந்தப் பீலி? அதைத்தான் வெட்டியாச்சே.”

“வெட்டியாச்சா! நான் கை தூக்கினேனே!”

“நீங்க தூக்கினதாலதான் மொதலாளி வெட்டினாங்க.” ஷுக்ரி குரலைத் தாழ்த்திக்கொண்டார். “திட்டத்துல ஒவ்வொரு காரியத்துக்கும் ஒதுக்குற தொகைக்குப் பேரு வோட்டு. ‘பீலிக்கு ஒதுக்கின வோட்டை நீக்கிட்டு மதகு கட்டலாம், சம்மதமானவங்க கை தூக்குங்க’ன்னு துரை கேட்டாரு. டாக்டரும் வக்கீல் ஐயாவும் முடியாதுன்னுட்டாங்க. அதைத் திட்டத்துல ஏத்தினதே டாக்டருதான். நீங்க தூக்காம இருந்திருந்தா ரெண்டு கைதான், பீலி தப்பியிருக்கும். நீங்க முதல் ஆளாத் தூக்கினதும் எனக்கே திகைப்பாப் போச்சு. மொதலாளிமாருக்கு ஆயிரம் யோசனை இருக்கும், நாம யாரு கேக்குறதுக்குன்னு இருந்துட்டேன்.”

தர்மலிங்கத்துக்குக் காதெல்லாம் சுட்டது. பூமி பிளந்தால் உள்ளே போய்விடலாம் போல் இருந்தது, பிளக்கவில்லை. “யாருகிட்டயும் சொல்லிடாதீங்க கிளாக்கர்” என்றார். அவர் வாயிலிருந்து முதலில் வந்தது அதுதான். பீலிக்கு இனி என்ன வழி என்பது வரவில்லை. பின்னாளில் இதை நினைக்கும்போதெல்லாம் கை தூக்கியதைவிட இந்த ஒரு வாக்கியத்துக்கே அவர் அதிகம் கூசினார்.

லயத்துக்காரர்கள் அவரைக் குறை சொல்லியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும். அவர்கள் ஆறுதல் சொன்னார்கள்! “நீங்க என்ன செய்வீங்க மொதலாளி, தொரைமாரு ஏமாத்திட்டாங்க. உங்க கைதான் முதல்ல எந்திரிச்சுச்சு, நாங்கதான் கண்ணால பாத்தோமே” என்று பூவம்மா தினமும் காலையில் சாக்கடைக்கு அந்தப் பக்கம் நின்று கும்பிட்டாள். அவள் விளக்குமாற்றுச் சத்தம் தெருமுனையில் கேட்டாலே தர்மலிங்கம் உள்ளே போய் மூட்டைகளுக்கு நடுவில் நின்றுகொள்வார். திருடன்கூட அப்படி ஒளிந்திருக்க மாட்டான்.

அவர் மனைவி விசாலாட்சிக்கு மட்டும் ஒரு நாள் சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்து சொன்னார். அவள் குழம்புக் கரண்டியைக் கீழே வைத்தாள். “இங்கிலீசு தெரியாதது ஒரு குத்தமா? எனக்குந்தான் தெரியாது. அந்தச் சனத்துக்கிட்டப் போயி நடந்ததைச் சொல்லுங்க.”

“எப்படிடி சொல்லுவேன்? மாலை வாங்கினவன் நான்.”

“அப்ப வாங்கின கையோட கெடங்க” என்று எழுந்து போய்விட்டாள்.

ஆனியில் லயத்தில் வாந்திபேதி வந்தது. ஒன்பது பேரை ஆஸ்பத்திரியில் போட்டார்கள். பூவம்மாவின் புருஷனும் அதில் ஒருவன். தர்மலிங்கம் ஒரு சாக்கு அரிசியோடு போனார். மனசாட்சிக்குக் கொடுத்த லஞ்சம் என்றுதான் அதைச் சொல்ல வேண்டும். ஆஸ்பத்திரி வாசலில் பூவம்மா உட்கார்ந்திருந்தாள்.

“எப்படி இருக்கான்?”

“கெடக்காரு மொதலாளி. அந்த டாக்டரு நேத்து ஒரு மருந்து குடுத்தாரு. தண்ணி வேணாம்னு கைய மடக்கி வச்சிருந்த பாவிதானே, அவரு குடுக்குறது என்னத்த மருந்தா இருக்கும்னு கொட்டிட்டேன்.”

இப்போது சொல்ல வேண்டும். இந்த நிமிஷம் சொல்லாவிட்டால் மனிதனே இல்லை. “கொட்டாதே, பூவம்மா. அது நல்ல மருந்து. நான் சொல்றேன், குடுக்கச் சொல்லு” என்றார். அதோடு நின்றுவிட்டார். மருந்து நல்லது என்று சொன்னவர், டாக்டர் நல்லவர் என்று சொல்லவில்லை. அவள் அவர் வார்த்தையை நம்பி எழுந்து உள்ளே ஓடினாள். அந்த நம்பிக்கையைப் பார்த்து அவர் கூனிக் குறுகிப் போனார்.

அவன் பிழைத்துக்கொண்டான். ஆனால் பழைய பலம் திரும்பவில்லை. அவன் கூட்ட வேண்டிய தெருவையும் சேர்த்துப் பூவம்மாவே கூட்டினாள். கடை வாசலுக்கு வரும்போது இரண்டு தடவை நின்று மூச்சு வாங்குவாள். அதை மூட்டைகளுக்கு நடுவிலிருந்து பார்த்துக்கொண்டே அந்த வருஷம் போயிற்று.

மறுபடி கார்த்திகை. மறுபடி அதே மேசை, அதே ஐந்து பேர், அதே ஜன்னல். திட்டத்தைப் படித்து முடித்தார்கள். இந்தத் தடவை பீலி அதில் இல்லவே இல்லை என்று ஷுக்ரி முன்னாலேயே சொல்லியிருந்தார். ஏஜண்டு துரை காகிதத்தை மடிக்கப் போன நேரம் தர்மலிங்கம் எழுந்தார். கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டார்.

“துரை அவர்களே, எனக்கு இங்கிலீசு தெரியாதுங்க” என்று தமிழில் தொடங்கினார். ஜன்னலில் நின்றவர்கள் கம்பியோடு முகத்தை ஒட்டினார்கள். அதுவரை அந்த அறையிலிருந்து அவர்களுக்குப் புரிகிற ஒரு சொல்லும் வந்ததில்லை. தர்மலிங்கம் அந்தப் பக்கம் திரும்பாமல் பேசினார். “போன வருசம் பீலிக்காகக் கை தூக்குறதா நினைச்சு, அதை வெட்டுறதுக்குத் தூக்கிட்டேன். டாக்டர் ஐயாவும் வக்கீல் ஐயாவும் அந்தச் சனத்துக்காக நின்னாங்க. நான் வெளிய போயி அவங்களை மனசில்லாதவங்கன்னு சொன்னேன். மாலையும் வாங்கிக்கிட்டேன். நடந்தது மாசியிலயே தெரியும். வெட்கத்துல சொல்லலே. பீலியைத் திரும்ப எழுதணுங்க.”

ஷுக்ரி மொழிபெயர்க்க எழுந்தார். ஏஜண்டு துரை கையமர்த்தினார்.

“எனக்கு விளங்கிற்று” என்றார் துரை, புத்தகத் தமிழில், நிறுத்தி நிறுத்தி. “நான் தமிழ்ப் பரீட்சை கொடுத்தவன். உமக்கு விளங்காவிடில் கேட்டிருக்கலாம். நான் தமிழில் சொல்லியிருப்பேன்.”

ரோட்டுத் துரை ஏதோ சொல்லிச் சிரித்தார். தர்மலிங்கத்துக்கு அழுகை வந்தது, அடக்கிக்கொண்டார். போர்டில் உட்கார்ந்த நாளிலிருந்து அவர் காத்த மானம் ஒரு கேள்விகூடப் பெறாது என்று ஆகிவிட்டது.

பீலியைச் சேர்க்கலாமா என்று துரை மற்றவர்களுக்காக இங்கிலீசில் கேட்டார். தர்மலிங்கம் கையைத் தூக்குமுன் ஷுக்ரியைப் பார்த்து, “இது எதுக்குக் கை?” என்று வாய்விட்டுக் கேட்டார். “சேர்க்குறதுக்கு” என்றார் ஷுக்ரி. டாக்டர், வக்கீல், தர்மலிங்கம், மூன்று கை. பீலி திட்டத்தில் ஏறியது.

வெளியே இந்தத் தடவை மாலை இல்லை. படியிறங்கிய டாக்டருக்கு முன்னால் பூவம்மா போய் நின்றாள், தலைக்கு மேல் கைகூப்பினாள், தேம்பினாள். எதற்கு அழுகிறாள் என்று புரியாமல் டாக்டர் தலையை ஆட்டிவிட்டுப் போனார். பிறகு அவள் தர்மலிங்கத்திடம் வந்தாள். எப்போதும் நிற்கிற தூரத்தில் நிற்கவில்லை, கிட்டே வந்தாள்.

“போன வருசம் உங்க கையைத்தான் பாத்தோம், மொதலாளி” என்றாள். “வாயத் தொறந்து ஒரு வார்த்தை எதுக்குன்னு கேட்டிருந்தீங்கன்னா, எங்க காதுலயும் விழுந்திருக்கும். எம்புருசன் இன்னைக்குத் தெருக் கூட்டிக்கிட்டு இருந்திருப்பாரு.”

கூட்டம் முடிந்த வாசலைக் கூட்ட வேண்டியிருந்தது. அவள் விளக்குமாற்றை எடுத்தாள். தர்மலிங்கம் கோட்டைக் கையில் வைத்துக்கொண்டு, அவள் கூட்டி முடிக்கும் வரை ஓரமாக ஒதுங்கி நின்றார்.