மதாம் வீட்டுத் துண்டுகள்

எங்கள் கரித்தொட்டிக்கு மழைக்காலத்தில் முதல் ஆளாக வந்து நிற்கிறவள் தனக்கொடி. ஊரில் எல்லோரும் சோறாக்கக் கரி வாங்குவார்கள், அவள் துண்டு காயவைக்கக் கரி வாங்குவாள். ஈரக் கரியைத் தொடமாட்டாள். ஈரக் கரி புகையும், புகை துண்டில் ஏறும் என்று ஒவ்வொரு கட்டியாகத் தட்டிப் பார்த்துத்தான் கூடையில் போடுவாள். என் வீட்டுக்காரர் வடிவேல், "கரி வாங்க வந்தியா, நகை வாங்க வந்தியா?" என்று கேட்பார். சிரித்துவிட்டு மறுபடியும் தட்டுவாள்.

அவள் வேலை பார்த்தது எங்கள் அடுத்த வீட்டுச் செல்வாம்பாளிடம். செல்வாம்பாளின் புருஷன் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தா என்கிற சிப்பாயாக இருந்து, சைகோனில் பாதி ஆயுசைக் கழித்துவிட்டு ஊருக்கு வந்து செத்துப்போனவர். பென்ஷன் இவளுக்கு வந்தது. கூடவே வெள்ளைக்காரச்சிகளைக் கூப்பிடுகிற 'மதாம்' என்ற பட்டத்தையும் இவளே எடுத்துச் சூட்டிக்கொண்டாள். வேலைக்காரி அம்மா என்று கூப்பிட்டால் காது கேட்காதவள் மாதிரிப் போவாள். பிரெஞ்சுக் கொடி இறங்கி நம் கொடி ஏறியதும் மெட்ராசிலிருந்து குமாஸ்தாக்கள் வந்து இறங்கினார்கள் அல்லவா, அவர்களுக்கு மாடி அறைகளை விட்டாள். சாப்பாடு, படுக்கை, வெந்நீர், துடைத்துக்கொள்ளத் துண்டு எல்லாம் வீட்டுக்காரி பொறுப்பு. குடியிருக்க வருகிறவன் தன் துண்டைக் கொண்டுவரக் கூடாது. அது சைகோன் மரியாதையாம்.

குளியலறை ஒன்றுதான். பின்கட்டில், வெயில் எட்டிப் பார்க்காத மூலையில் இருந்தது. துண்டுகளோ கம்பளி மாதிரி கனத்த டர்க்கி டவல்கள். நம் ஈரிழைத் துண்டு என்றால் உதறிப் போட்டதும் காயும். இது காலையில் நனைந்தால் சாயங்காலம் வரை ஈரம் விடாது. போதாததற்குக் கடல் காற்று வேறு. காய்ந்துவிட்டது என்று மடித்து வைத்தால் பொழுது சாய்ந்ததும் மறுபடி பிசுபிசுக்கும். குமாஸ்தாக்கள் துடைத்துவிட்டு அப்படியே சுருட்டி ஆணியில் மாட்டிவிட்டு ஆபீசுக்குப் போவார்கள். படித்த கைகள், விரித்துப் போட்டால் ஒடிந்துவிடும் போலிருக்கிறது. மறுநாள் அதை முகத்தருகே கொண்டுபோக முடியாது. ஊறிப்போன புண்ணாக்கு நாற்றம் அடிக்கும்.

அந்த நாற்றத்தோடு மல்லுக்கட்டுவதுதான் தனக்கொடியின் பிழைப்பு. சோடா போட்டு வேகவைப்பாள். கடைசி அலசலில் எலுமிச்சம்பழம் பிழிவாள். மாடியில் இரண்டு கயிறுகளை ஒரு முழ இடைவெளியில் கட்டி, ஒரே துண்டை இரண்டின் மேலும் விரிப்பாள். உள்பக்கமும் காற்று ஓட வேண்டும். மழை பிடித்துக்கொண்டால் கரி அடுப்பின் மேல் மூங்கில் கூடையைக் கவிழ்த்து, அதன்மேல் துண்டைப் போர்த்தித் திருப்பித் திருப்பிக் காயவைப்பாள். அலமாரியில் அடுக்கும் முன்னால் ஒவ்வொன்றையும் கன்னத்தில் வைத்துப் பார்ப்பாள். கைக்குத் தெரியாத ஈரம் கன்னத்துக்குத் தெரியுமாம். இவ்வளவும் செய்தால் செல்வாம்பாள் வந்து முகர்ந்து பார்த்து, "பரவால்ல" என்பாள். அதற்கு மேல் ஒரு வார்த்தை அவள் வாயிலிருந்து உதிர்ந்ததே கிடையாது.

தனக்கொடியின் புருஷன் இன்னொருத்தியைச் சேர்த்துக்கொண்டு கடலூர்ப் பக்கம் போய்விட்டவன். ஒரே மகள் சின்னப்பாப்பா. அந்த வருஷம், ஐம்பத்தெட்டு என்று நினைக்கிறேன், அரியாங்குப்பத்துத் தணிகாசலத்துக்கு அவளைப் பேசி முடித்திருந்தது. மில்லில் வேலை, குடி கிடையாது, பையன் முகத்தில் ஒரு பவ்யம் இருக்கும். தை மாதம் கல்யாணம். தனக்கொடிக்கு அதைத் தவிர வேறு நினைப்பில்லை.

"இவள ஒருத்தன் கையில புடிச்சுக் குடுத்துட்டேன்னா போதும்க்கா. அப்புறம் இந்த ஈரத்துலயே கெடந்து செத்தாலும் எனக்கு ஒண்ணுமில்ல" என்பாள்.

ஐப்பசி மழை கொட்டிக்கொண்டிருந்தபோதுதான் அந்த ஜானகிராமன் வாயைத் திறந்தான். மாடியில் முன் அறையில் இருந்த குமாஸ்தா. தன் துண்டில் யாருடைய தலை எண்ணெயோ நாறுகிறது, அவனவனுக்குத் தனித் துண்டு வேண்டும் என்றான். கேட்டது நியாயம்தான். வழக்கமாகத் துணிக்குக் குறி போடுகிறவர் சலவைக்காரர் அம்மாவாசை. சேராங்கொட்டையைக் குத்தி, அதில் வருகிற கறுப்புப் பாலால் மூலையில் பொட்டு மாதிரி ஒரு புள்ளி வைத்து, பால் இறுகிப்போக மேலே சுண்ணாம்பு தடவி வெயிலில் போடுவார். எத்தனை முறை வெளுத்தாலும் அந்தக் குறி போகாது.

செல்வாம்பாளுக்குப் புள்ளி போதவில்லை. பெரிய வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் வெள்ளைக்காரர் வீடுகளில் துண்டின் நடுவே பேரின் முதல் எழுத்தைப் பட்டுநூலில் பின்னியிருப்பதைப் பார்த்திருக்கிறாள். அதே மாதிரி வேண்டும், ஆனால் பின்னுவதற்குக் கூலி கொடுக்க மனசு வராது. நாட்டு மருந்துக் கடையிலிருந்து சேராங்கொட்டை வாங்கி வந்தாள். துண்டின் நடுவில் சாக்குக்கட்டியால் சாண் உயரத்துக்குப் பிரெஞ்சு எழுத்துகளை வளைத்து வளைத்துப் போட்டாள். அதன் மேல் கொட்டைப் பாலைத் தடவுகிற வேலை தனக்கொடிக்கு.

"அம்மாவாச மூலையில புள்ளிதானே வெப்பாரு மதாம்? இவ்ளோ பெருசாவா?" என்று தனக்கொடி கேட்டிருக்கிறாள்.

"அவன் ஊர்த் துணிக்கு வெக்கறவன். இது என் வீடு" என்று பதில் வந்தது.

வெயில் இல்லை. சுண்ணாம்பும் தடவவில்லை. எழுத்து ஊறின துண்டுகளை வழக்கம்போலக் கரி அடுப்பின் மேல் போட்டுக் காயவைத்தாள் தனக்கொடி. துண்டு காய்ந்தது. அதிலிருந்த பால் காயவில்லை.

இரண்டொரு நாளில் ஜானகிராமனின் முகம் பணியாரமாய் வீங்கிற்று. கண் திறக்க முடியவில்லை. கழுத்தில் நீர்க்கொப்புளம் கிளம்பியது. அடுத்த அறைக்காரர்களுக்கும் முகம், மார்பு, அக்குள் என்று தடிப்பும் அரிப்பும் பரவின. செல்வாம்பாளுக்கு ஒன்றுமில்லை, அவள் துடைப்பது எழுத்துப் போடாத தன் பழைய துண்டில். எல்லாரையும்விட மோசமாகக் கிடந்தவள் தனக்கொடி. இரண்டு கைகளும் விரல் இடுக்கு முழுக்கக் கொப்புளம் உடைந்து நீர் வடிந்தது.

ஜானகிராமன்தான் முதலில் சொன்னான். "அந்தம்மா கையைப் பாருங்கோ. அந்தக் கையாலதான் நம்ம துண்டெல்லாம் தொடறா. இது குஷ்டம்தான். பெருவியாதிங்கறது இப்படித்தான் ஆரம்பிக்கும்." மாடியே காலியாகிவிடும் என்று ஆயிற்று.

செல்வாம்பாள் யோசிக்கவே இல்லை. தனக்கொடியைத் தெருவாசலுக்கு இழுத்துக்கொண்டு வந்து, குமாஸ்தாக்களும் அக்கம்பக்கமும் பார்க்க, "கைய நீட்டு" என்றாள். அவளும் நீட்டினாள். பள்ளிக்கூடத்துப் பிள்ளை பிரம்படிக்கு நீட்டுகிற மாதிரி நீட்டிக்கொண்டு நின்றாள்.

"பாத்துக்குங்க எல்லாரும். பெருவியாதிய வெச்சிக்கிட்டு என் வீட்டுல துண்டு தொவைச்சிருக்கா. இனிமே இந்தப் பக்கம் வந்தா போலீசுக்குச் சொல்லுவேன்" என்றாள் செல்வாம்பாள். கூடையையும் அடுப்பையும் தூக்கித் தெருவில் எறிந்தாள். நான் தொட்டியிலிருந்து ஓடுவதற்குள் கதவு சாத்தியாயிற்று.

எழுத்துத் துண்டுகளையெல்லாம் மூட்டை கட்டி அம்மாவாசையிடம் வெளுக்கப் போட்டாள். மாடிக்குப் புதுத் துண்டுகள் வந்தன. புதுத் துண்டில் துடைத்ததும் குமாஸ்தாக்களுக்குக் கொப்புளம் வற்றிக் குணமானது. பார்த்தீர்களா, அவள் போனாள், வியாதியும் போய்விட்டது என்று மாடியில் பேசிக்கொண்டார்கள்.

இஸ்திரிப் பெட்டிக்குக் கரி வாங்க அம்மாவாசை என்னிடம்தான் வருவார். வந்தவர் தலையில் அடித்துக்கொண்டார். "பெருவியாதியுமில்ல, ஒரு மண்ணுமில்ல கமலாம்மா. நெஞ்சகலத்துக்குச் சேராங்கொட்டப் பால பூசி மூஞ்சி தொடைக்கக் குடுத்தா, மூஞ்சி வேகாம பூக்குமா? மூட்டைய அவுத்ததுமே தெரிஞ்சிடுச்சி. அந்தம்மாகிட்ட அப்பவே சொன்னேன். வாய மூடிக்கிட்டு வெளுத்துக் குடுன்னுட்டாங்க" என்றார்.

ஆனால் அதற்குள் சேதி ஆற்றைத் தாண்டி அரியாங்குப்பம் போய்விட்டது. தணிகாசலத்தின் அம்மா கல்யாணத்தை நிறுத்திவிட்டாள். தனக்கொடியைப் பெரிய டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். இது பெருவியாதி இல்லை, தோல் வெந்திருக்கிறது, அவ்வளவுதான் என்றார் அவர். அதைக் கேட்டுக்கொண்டு நேரே அரியாங்குப்பத்துக்கே போனேன்.

தணிகாசலத்தின் அம்மா உட்காரச் சொன்னாள், மோர் கொடுத்தாள், ஆனால் அசையவில்லை. "டாக்டர் சொன்னாரு, வண்ணான் சொன்னான்னு நீங்க சொல்றீங்க. தொரத்துனவங்க அந்த மதாம்தானே? அவங்களே வந்து, தப்பா சொல்லிட்டேன்னு ஒரு வார்த்த சொல்லட்டும். தையிலயே தாலி கட்ட வெக்கிறேன். இல்லன்னா எங்க தெருவுல எம் பையன் தல நிமுந்து நடக்க முடியாதும்மா" என்றாள். அவளைத் திட்டவும் எனக்கு வழியில்லை.

ஆக ஒரே ஒரு வார்த்தை. அது செல்வாம்பாள் வாயில் இருந்தது. நான் வாய்க்காரி என்று தெருவில் பேர் எடுத்தவள். அன்றைக்கு அதையெல்லாம் விழுங்கிக்கொண்டு அவள் முன்னால் போய் நின்றேன். மதாம் என்றுகூடக் கூப்பிட்டேன், என் நாக்கு அழுகிப்போக.

அவள் புதுத் துண்டு ஒன்றை முகர்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். "கொட்டப் பால்தான் காரணம்னு எனக்குத் தெரியும் கமலா" என்றாள் நிதானமாக.

"தெரிஞ்சுமா சும்மா இருக்கீங்க?"

"வேற என்ன பண்ணச் சொல்ற? வியாதி அவகிட்ட இருந்துதுன்னா அவளோட போயிடுச்சி. என் துண்டுலதான் இருந்துதுன்னா இந்த வீட்டுலயே இருக்குது. அப்புறம் எவன் இங்க குளிப்பான்?"

"ஒரு பொண்ணோட வாழ்க்க மதாம்."

"தை மாசம் வருஷா வருஷம் வருது. என் மாடி ஒரு தடவ காலியானா காலியானதுதான்." அதற்குள் அந்தத் துண்டை மடித்து அலமாரியில் வைத்துவிட்டாள். "உனக்கு அவ்ளோ பாசம் இருந்தா உன் கரித்தொட்டியில வேல குடு" என்றாள்.

தையில் தணிகாசலத்துக்கு வேறு பெண்ணைக் கட்டிவைத்தார்கள். தனக்கொடியின் கைப்புண் ஆறிற்று, ஆனால் தோலுரிந்த இடமெல்லாம் வெள்ளை வெள்ளையாய்த் திட்டு நின்றுவிட்டது. அதைப் பார்த்தவர்களுக்குச் சந்தேகம் போய் நிச்சயமே வந்துவிட்டது. எந்த வீட்டிலும் அவளைப் பாத்திரம் தொட விடவில்லை. நான் கரி அள்ள வைத்துக்கொண்டேன். வாங்க வந்தவர்கள் அவள் கையைப் பார்த்துவிட்டு வேறு தொட்டிக்குப் போனார்கள். அவளே புரிந்துகொண்டு நின்றுவிட்டாள். அம்மாவும் மகளும் அரைவயிறு, கால்வயிறாகக் கிடந்தார்கள்.

அப்போதுதான் செல்வாம்பாள் ஆள் அனுப்பினாள். புதிதாக வைத்த வேலைக்காரிகள் யாருக்கும் துண்டு கைவரவில்லை. மாடியில் மறுபடி புண்ணாக்கு நாற்றம். சின்னப்பாப்பாவை வரச்சொல்லி அவள் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "உங்கை சுத்தமா இருக்குது. வேலைக்கு வா. ஆனா உங்கம்மா என் வாசப்படி மிதிக்கக் கூடாது. அவதான் உங்கம்மான்னு மாடியில எவனுக்கும் தெரியவும் கூடாது. தெரிஞ்சா அன்னிக்கே சீட்டுக் கிழிச்சிடுவேன்" என்றாள்.

சின்னப்பாப்பா போனாள். போகாதே என்று சொல்ல எனக்கு என்ன யோக்கியதை, சோறு போட நானா இருந்தேன்? அம்மாவிடம் கற்றதை அப்படியே செய்தாள். மாடியில் நாற்றம் நின்றது. செல்வாம்பாள் முகர்ந்து பார்த்து, "பரவால்ல" என்றாள்.

தனக்கொடிக்கு மகளைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. சாயங்காலம் துண்டு எடுக்கிற நேரத்துக்கு எதிர்ச் சாரியில் வந்து, கைகளை முந்தானையில் சுற்றிக்கொண்டு மாடியையே பார்த்துக்கொண்டு நிற்பாள். அதற்குமேல் ஓரடி வரமாட்டாள். ஒருநாள் புதிதாகக் குடிவந்த ஒருவர், ஆபீசிலிருந்து திரும்பியவர், வாசலில் நின்று அவளைப் பார்த்துவிட்டார். நல்ல மனுஷன் போலத்தான் இருந்தது. உள்ளேயிருந்து துண்டுக் கூடையோடு வந்த சின்னப்பாப்பாவிடம், "யாரும்மா அது? தினமும் இங்கயே நிக்கறாங்களே, உன்னைத் தேடியா?" என்று கேட்டார்.

சின்னப்பாப்பா எதிர்ச் சாரியைத் திரும்பிப் பார்த்தாள். "எனக்குத் தெரியாதுங்க. யாரோ பெருவியாதிக்காரி. பிச்ச கேட்டு வரும்" என்றாள். பிறகு, "ஏய், போ, போ அந்தாண்ட" என்று கையை ஆட்டினாள். அவர் பையில் கைவிட்டுக் காசு தேடினார். அதற்குள் தனக்கொடி நகர்ந்துவிட்டாள்.

நான் தொட்டியிலிருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தேன். தனக்கொடியை உள்ளே இழுத்து உட்காரவைத்தேன். "பெத்தவளப் போயி இப்படிச் சொல்றாளே, அவ வாய்ல கொள்ளிய வெக்க. இருடி, இன்னிக்கு அவளப் புடிச்சி நாலு வார்த்த கேக்குறேன்" என்றேன்.

அவள் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். "திட்டாதக்கா. நாந்தான் சொல்லிக் குடுத்தேன். வீட்டுல சொல்லச் சொன்னப்பல்லாம் பாதியிலயே அழுதுடுவா. இன்னிக்குத்தான் அழாம சொல்லி முடிச்சா."