இடது கை வெல்டிங்

1. மச்சானின் கால்

நாராயணப்பாவின் அம்பாசிடரில் முன் சீட்டில் உட்கார்ந்து வந்த அவருடைய மச்சானின் கால், வண்டித் தரையைப் பொத்துக்கொண்டு ரோட்டில் இறங்கிவிட்டது. ஜூஜுவாடி தாண்டி ஓசூருக்குள் நுழைகிற இடம். நாலு வழிச் சாலை வேலை நடந்துகொண்டிருந்த காலம் என்பதால் வண்டிகள் ஊர்ந்துகொண்டுதான் போகும். செருப்பு போயிற்று, கால் தப்பியது. நாராயணப்பா வண்டியை நேராக எங்கள் டிங்கரிங் ஷெட்டில் கொண்டுவந்து நிறுத்தினார்.

மச்சான் எங்கே என்று கேட்டேன்.

"பஸ்ல வர்றான்கா. இந்த வண்டில பொணமாக்கூட ஏற மாட்டேன்னுட்டான்."

நான் ருக்குமணி. பள்ளிக்கூடம் அதிகம் போகவில்லை, எழுத்துக் கூட்டித்தான் எழுதுகிறேன். ஆனால் தகடு வேலையில் என்னை ஓசூரில் யாரும் குறை சொன்னதில்லை. என் வீட்டுக்காரரோடு சேர்ந்து இந்த வேலையைச் செய்தேன். அவர் தவறிப்போன பிறகு நானே ஷெட்டை நடத்தினேன். பெயின்ட் அடிக்க என் கொழுந்தன் கோபால் இருந்தான். இந்த வண்டி வந்தது, அவர் போய் இரண்டாம் வருடம்.

நாராயணப்பாவுக்குச் சூளகிரிப் பக்கம் ரோஜாத் தோட்டம். பின் சீட்டைக் கழற்றிவிட்டு அம்பாசிடரிலேயே பூ ஏற்றிக்கொண்டு பெங்களூர் மார்க்கெட்டுக்குப் போவார். பூ வாடக்கூடாது என்று ஈரச் சாக்கில் சுற்றி வைப்பார்கள். பின்னால் இடம் போதாவிட்டால் முன் சீட்டின் கீழும் ஒரு கட்டு. சாக்குத் தண்ணீர் ரப்பர் மேட்டுக்கு அடியில் போய்த் தங்கிவிடும். அவர் மேட்டின் மேலேயே துடைத்து, வண்டி சுத்தமாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தார். எங்கள் பக்கத்துப் பூக்காரர்கள் எல்லோரும் செய்கிற தப்பு இது.

பிப்ரவரியில் காதலர் தின ரோஜாவுக்கு முன்னால் வண்டி வேண்டும் என்றார். அந்த ஒரு வாரத்தை விட்டால் வருடம் முழுக்கச் சும்மா உட்கார வேண்டியதுதான் என்றார். தருகிறேன் என்று சொன்னேன்.

2. மேட்டுக்கு அடியில்

துருப்பிடித்த வண்டியைக் கண்ணால் பார்க்கக்கூடாது, காதால் பார்க்க வேண்டும். சுத்தியின் பிடியால் தட்டிக்கொண்டே வந்தால் நல்ல தகடு கணீர் என்று சொல்லும், உளுத்தது சொத்தென்று சொல்லும். பின்பக்கத் தரை முழுக்கச் சொத்து. கதவுக்குக் கீழே இருக்கும் பட்டையும் போயிருந்தது. முன்னால் இடது பக்கம் தட்டிக்கொண்டு வந்தேன். சொத், சொத், சொத். மச்சான் கால் போட்ட ஓட்டையைத் தாண்டியதும் நடுவில் ஒரு இடம் மட்டும் கணீர் என்றது.

தரையில் பூசியிருந்த பழைய தாரைச் சுரண்டினேன். சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஒரு ஒட்டுத் தகடு. நாலு மூலையும் வளைத்து வெட்டியிருந்தது. கூர் மூலையில்தான் முதலில் கிழியும் என்பதால் எங்கள் வீட்டுக்காரர் அப்படித்தான் வெட்டுவார். ஆனால் அப்படி வேறு ஆட்களும் வெட்டுவார்கள். ஆகவே கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்தேன். வெல்டிங் வரி தெரிந்தது. அலை அலையாகப் படிந்திருக்கும் அந்த வரி, வழக்கத்துக்கு எதிர்ப்பக்கமாகச் சாய்ந்திருந்தது.

அவர் இடது கைக்காரர்.

நாராயணப்பா இந்த வண்டியை வாங்குவதற்கு முன்னால் அது யார் யாரிடமோ இருந்தது. எந்த வருடத்திலோ எங்கள் ஷெட்டுக்கு வந்திருக்கிறது. எனக்கு ஞாபகமே இல்லை. எத்தனையோ வண்டி.

தகடு வேலை செய்கிறவன் செய்தது எதுவும் அவனிடம் இருக்காது. பட்டி பூசி, பெயின்ட் அடித்து, அடுத்தவன் ஓட்டிக்கொண்டு போய்விடுவான். வீட்டில் அவருடைய சட்டை இருந்தது, போட்டோ இருந்தது. கை வேலை என்று ஒன்று கூட இல்லை. இங்கே இருந்தது. அதன் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் வண்டிக்குள் குந்தியிருந்தேன்.

3. வெட்டுவதா வேண்டாமா

பின் தரையைப் புதுசாகப் போட்டேன். கதவுப் பட்டை முடிந்தது. முன் தரையைத் தொடவில்லை. கோபால் பிரைமர் டப்பாவை வைத்துக்கொண்டு இரண்டு நாள் பார்த்தான்.

"என்ன அண்ணி, அங்க எதாவது கொழந்தை தூங்குதா?"

அவனைக் கூப்பிட்டுக் காட்டினேன். பார்த்தவன் பிரைமர் டப்பாவை மூடி வைத்துவிட்டு வெளியே போனான். அவனுக்கு அண்ணன்.

சுற்றியுள்ள துருவை மட்டும் வெட்டி எடுத்துவிட்டு அந்த ஒட்டை அப்படியே விட்டு, நாலு பக்கமும் புதுத் தகடு சேர்த்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன். அது முடியாத வேலை இல்லை. ஆனால் எங்கள் ஷெட்டில் ஒரு பழக்கம் உண்டு. தரை வேலைக்கு முன்னால் ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றி அது எங்கே போய் நிற்கிறது என்று பார்ப்போம். தண்ணீர் நிற்கிற இடத்தில்தான் துரு பிறக்கும்.

ஊற்றினேன். அவர் ஒட்டைப் பழைய தரையின் மேல் ஏற்றி வைத்து வெல்டிங் செய்திருந்தார். அதனால் ஒட்டின் விளிம்பு நூலளவு மேலே நின்றது. தண்ணீர் வந்து அந்த விளிம்பில் முட்டி, சுற்றிலும் நின்றுவிட்டது. ஒட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. அதைச் சுற்றி இருந்த தரையைத்தான் அது தின்றிருக்கிறது. அவர் மேல் குற்றம் இல்லை. மனிதர்கள் உட்காரும் வண்டிக்கு அது போதும். ஈரச் சாக்கு ஏறும் என்று அவருக்கு யார் சொன்னார்கள்?

நாராயணப்பா வந்தபோது கோபால் விஷயத்தைச் சொல்லிவிட்டான். அவர் குனிந்து பார்த்தார். தொடவில்லை.

"உங்க யஜமானரு வேலை என் வண்டிலயே இருக்கட்டும்கா. வெட்டாதீங்க. நான் மெதுவா ஓட்டிக்கிறேன்."

"மேல பூக்கட்டு வைப்பீங்களா, மாட்டீங்களா?"

அவர் என் முகத்தைப் பார்க்காமல் ரோட்டைப் பார்த்தார். பொய் சொல்லத் தெரியாத மனிதர்.

"வைப்பேன்கா. வேற எங்க வைக்கிறது?"

"அப்ப மறுபடி யாராவது கால் போகும். இந்தத் தடவ செருப்போட நிக்காது."

அவர் போன பிறகு உளியை எடுத்தேன். கோபால் நான் வெட்டுகிறேன் என்றான். வேண்டாம் என்றேன். விளிம்பை ஒட்டி வெட்டினால் சீக்கிரம் முடியும், ஆனால் விரலளவு தள்ளி, உளுத்த தகட்டிலேயே வெட்டிக்கொண்டு வந்தேன். அந்த வரி அறுபடாமல் முழுசாக வெளியே வந்தது. அதை வீட்டுக்கு எடுத்துப்போனேன். புதுத் தகட்டை ஏற்றி வைக்காமல் நேருக்கு நேர் சேர்த்து வெல்டிங் செய்து, தண்ணீர் இறங்க ஒரு ஓட்டை வைத்து, ரெட் ஆக்சைடு அடித்து, தார் பூசினேன். மேட்டைக் கழற்றிக் காயப் போடச் சொல்லி நாராயணப்பாவை விரட்டினேன். ரோஜாவுக்கு முன்னால் வண்டி போய்விட்டது. மச்சானும் அதில் ஏறித்தான் போனான்.

இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்லிக்கொள்கிறேன். துருப்பிடித்ததை வெட்டுவது பெரிய விஷயம் இல்லை. கணீர் என்று சொல்லும் தகடாக இருந்தாலும், அது தண்ணீரைத் தேக்கினால் அதையும் வெட்ட வேண்டும். யார் வைத்ததாக இருந்தாலும் சரி.

அதற்குப் பிறகு அவர் காலத்து வண்டி எது வந்தாலும், என்ன வேலைக்கு வந்திருந்தாலும், முதலில் மேட்டைத் தூக்கிப் பார்ப்பேன். அவருடைய கை வேலை கண்ணுக்குத் தெரிந்தால், அங்கே துரு ஏறிவிட்டது என்று அர்த்தம். நன்றாக இருந்தால் அது பெயின்ட்டுக்கு அடியிலேயே இருக்கும், எனக்குத் தெரியாது. ஷெட்டை மூடும் வரைக்கும் பார்த்தேன். இன்னொன்று வரவில்லை. நல்லதுதான் என்று சொல்லிக்கொண்டு மேட்டைத் திரும்பப் போட்டுவிடுவேன்.