மூன்றாவது பெயர்

ஓயாமல் பேசுவதால் வீட்டில் அவளுக்குக் கிளி என்று பெயர். பல் மருத்துவமனை ஒன்றில் வரவேற்பு மேசை வேலை. பல்வலியோடு வருகிறவர்கள், உள்ளே கூப்பிடும்வரை பயத்தை மறைக்க எதையாவது உளறுவார்கள். டாக்டருக்கு இன்றைக்கு வீட்டில் சண்டை ஏதும் இல்லையே என்று விசாரித்துவிட்டுத்தான் ஒருவர் உள்ளே போனார். கிளி இதையெல்லாம் டோக்கன் சீட்டின் பின்பக்கம் குறித்து வைப்பாள்.

ஒருநாள் கடைவாய்ப் பல் பிடுங்க வந்த நெட்டையான ஆள் ஒருவன், காத்திருந்த நேரத்தில் அதே போன்ற சீட்டில் டாக்டரைக் கேலிச் சித்திரமாக வரைந்துகொண்டிருந்தான். கட்டட நிறுவனத்தில் வரைபடம் போடுகிறவன். கிளி தான் குறித்து வைத்த டோக்கன் சீட்டுகளை எடுத்து நீட்டினாள். அவன் படித்துவிட்டு, வீங்கிய கன்னத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். அப்படித் தொடங்கியதுதான் ‘கொஞ்சம் வாயைத் திறங்க’ என்ற படக்கதை. இணையத்தில் வாரம் ஒரு அத்தியாயம், கைபேசியில் கீழே தள்ளித் தள்ளிப் படிப்பது.

முதல் நான்கும் கறுப்பு வெள்ளை. ஈ காக்கை எட்டிப் பார்க்கவில்லை. ஐந்தாவதை, மாடியில் குடியிருக்கும் அண்ணி பார்த்தார். அண்ணி தையல்காரர். எந்தத் துணியைக் கொடுத்தாலும் பெட்டியைத் துழாவாமல் அதற்கான நூலை எடுத்துவிடுவார். படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்திருந்துவிட்டு, “பயந்தவன் கண்ணுக்கு வெள்ளைச் சுவரே லேசா பச்சையாத்தான் தெரியும்” என்றார். பழைய டேப்லெட் ஒன்றில் வண்ணம் நிரப்ப இரண்டே மாதத்தில் கற்றுக்கொண்டார்.

அதன்பின் வேலை ஒரு தடத்தில் ஓடியது. திங்கட்கிழமை கிளி வசனம் எழுதுவாள். புதன்கிழமை நெட்டை பென்சில் படங்களை அனுப்புவான். மூவரும் சண்டை போடுவார்கள். அவன் கோடுகளை முடித்துக் கொடுத்தால் சனிக்கிழமைக்குள் அண்ணி வண்ணம் தீட்டிவிடுவார். ஞாயிற்றுக்கிழமை கிளி பேச்சு பலூன்களில் வசனத்தை அடைப்பாள்.

முப்பத்தொன்றாவது அத்தியாயத்தில், மிச்சமிருக்கும் பற்களையும் எடுக்க வந்த கிழவர் ஒருவர் தனியாகக் காத்திருக்கிறார். கிளி அவருக்கு எட்டு பலூன் வசனம் எழுதியிருந்தாள். அண்ணி அவர் பின்னாலிருந்த சுவரை மட்டும் கட்டத்துக்குக் கட்டம் காலை வெளிச்சத்திலிருந்து சாயங்காலம்வரை மாற்றித் தீட்டியிருந்தார். “இங்க பேச்சே வேண்டாம் கிளி. எல்லாத்தையும் எடுத்துடு” என்றார். கிளிக்கு ரோஷம் வந்தது. இருந்தாலும் எடுத்துவிட்டாள்.

அந்த அத்தியாயம்தான் பிய்த்துக்கொண்டு போனது. எழுதியவர் ஒரு சொல்கூட இல்லாமல் அழவைத்துவிட்டார் என்று நூற்றுக்கணக்கில் பாராட்டு. கிளி ஒவ்வொருவருக்கும் நன்றி எழுதினாள். அது என் யோசனை இல்லை என்று ஒருவரிடமும் சொல்லவில்லை.

அடுத்த மாதம் பெரிய தளம் ஒன்று படக்கதையைக் கேட்டது. படிவத்தில் எழுத்து, ஓவியம், பிறர் என்று மூன்று இடங்கள். கிளி மூன்றாவதில் அண்ணியின் பெயரை எழுதினாள். பிறகு, வண்ணக்காரர் யார் என்று தெரிந்தால் அந்தச் சுவரைப் பற்றி அவரிடம் கேட்பார்களே, பேச்சை எடுக்கச் சொன்னது யார் என்று வெளிவந்துவிடுமே என்று தோன்றியது. பெயரை அழித்துவிட்டு அனுப்பினாள்.

தளத்தில் வெளியான அன்று அண்ணி தன் வாடிக்கையாளர்களிடம் கைபேசியைக் காட்டினாராம். பெயரைத் தேடி மேலும் கீழும் தள்ளிப் பார்த்துவிட்டு மூடி வைத்தாராம். நெட்டை வந்து கேட்டபோது, “அவங்க படிவத்துல ரெண்டு பேருக்குத்தான் இடம்” என்றாள் கிளி. அவன் நம்பினான்.

அந்தச் சனிக்கிழமையும் வண்ணம் நேரத்துக்கு வந்து சேர்ந்தது. ஒரு குறையும் இல்லை. அண்ணி திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது கிளிக்கு. பல் சுத்தம் செய்ய வந்தவரைப் பல் பிடுங்கும் வரிசையில் உட்கார வைத்து டாக்டரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாள்.

மூன்று வாரம் கழித்து, ஒரு காலை வேளையில் மாடிக்குப் போனாள். அண்ணி சட்டைக்குக் கழுத்துப்பட்டி தைத்துக்கொண்டிருந்தார். கிளி நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். எழுதியதையும் அழித்ததையும் சொன்னாள். ஏன் அழித்தாள் என்பதையும் மறைக்கவில்லை.

தையல் இயந்திரம் நின்றது.

“இடமில்லன்னு நெட்டை சொன்னான்,” என்றார் அண்ணி. “சரி, இல்லாத இடத்துக்கு நீ என்ன பண்ணுவேன்னு அன்னைக்கே விட்டுட்டேன்.”

கிளி இதை எதிர்பார்க்கவில்லை. ஆறிய புண்ணைத் தானே வந்து கீறிவிட்டது அப்போதுதான் உறைத்தது.

“இடமில்லாம விடுறதும், இருந்தும் எடுக்கிறதும் ஒண்ணா கிளி?”

“இல்ல அண்ணி.”

“என்கிட்ட கேட்டிருந்தா, அந்தச் சுவரையும் நீயே வச்சுக்கோன்னு சொல்லியிருப்பேன்.”

அவர் மறுபடி இயந்திரத்தை ஓட்டத் தொடங்கினார். கிளி கீழே இறங்கிவந்து நெட்டையிடம் உண்மையைச் சொன்னாள். அவன் இரண்டு நாள் பேசவில்லை. தளத்துக்கு எழுதிப்போட்டு, பத்து நாளில் மூன்றாவது பெயரைச் சேர்க்க வைத்தாள். முப்பத்தொன்றாவது அத்தியாயத்தின் அடியில், இதன் மௌனம் வண்ணம் தீட்டியவருடையது, பாராட்டை இத்தனை நாள் நான் வாங்கிக்கொண்டேன் என்று எழுதினாள். சிலர் அவள் நேர்மையை மெச்சினார்கள். அது இன்னும் குத்தியது.

தளத்துக்கு ஒப்புக்கொண்டதில் மீதமிருந்த பதினொரு அத்தியாயங்களையும் அண்ணி முடித்துக்கொடுத்தார். பிறகு, போதும் என்றார். வேறொரு படக்கதைக் குழு அவரைத் தேடி வந்து அழைத்தது. மீன்பிடிப் படகில் வேலை செய்யும் இரண்டு சகோதரிகளின் கதை. அட்டைப் படத்தில் மூன்று பெயர்கள்; அண்ணியின் பெயர் நடுவில்.

வீட்டில் ஒன்றும் மாறவில்லை என்றுதான் அண்ணன் நினைக்கிறான். அண்ணி இப்போதும் மாடியிலிருந்து குரல் கொடுத்துக் கிளியைச் சாப்பிடக் கூப்பிடுகிறார். முன்பெல்லாம் சாப்பிட்ட பிறகும் எழ விடாமல் பேசிக்கொண்டிருப்பார். இப்போது தட்டைக் கழுவ எழுந்துவிடுகிறார்.

படகுக் கதையைக் கிளி வாரம் தவறாமல் படிக்கிறாள். தண்ணீரின் நிறத்தைப் பற்றித் தன் பெயரிலேயே அடியில் நாலு வரி எழுதுகிறாள். அண்ணி வாசகர்கள் எல்லோருக்கும் பதில் போடுவார். அவளுக்கும், மற்றவர்களுக்கு எழுதுவது போலவே, “நன்றி” என்று போடுகிறார்.