வெறும் திராட்சரசந்தான் என்றேன்

என் தம்பியை மறுபடியும் குடிகாரனாக்கியவள் நான். அவனுடைய கூட்டாளிகள் அல்லர், கடைக்காரன் அல்லன், சாத்தானும் அல்லன்... நான்! சபையில் பெண்களுக்கு வேதபாடம் நடத்துகிறவள். திருவிருந்துக்கான திராட்சரசத்தைத் தன் கையால் செய்து கொடுக்கிறவள்.

பரிதாபப்படாமல் கேளுங்கள். உங்கள் பரிதாபம் எனக்கு வேண்டாம்.

சாமுவேல் எனக்கு நேர் இளையவன். கிணத்துக்கடவில் லேத் பட்டறை வைத்திருந்தான். குடியால் அது பாதி நாள் பூட்டியே கிடந்தது. அவன் மனைவி எஸ்தர்தான் கெஞ்சிக் கூத்தாடி அவனைச் சிகிச்சைக்குச் சேர்த்தாள். வெளியே வந்தபின் ஏழெட்டு மாதம் அவன் குடிக்கவில்லை. ஒரு சொட்டுகூடக் கூடாது, இருமல் மருந்தைக்கூடக் கேட்டுவிட்டுத்தான் குடிக்க வேண்டும் என்று மருத்துவர் சொன்னபோது நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்லக்கூட எனக்கு வழியில்லை.

ஆர்.எஸ்.புரம் உழவர் சந்தையில் பன்னீர் திராட்சை வாங்குவேன். சர்க்கரையும் ஈஸ்ட்டும் சேர்த்து, பீங்கான் ஜாடியில் வாரக்கணக்கில் நொதிக்க விடுவேன். மூடியைத் திறந்தால் நெடி மூக்கில் ஏறும். “அக்கா கை பட்டாத்தானுங்க ரசம் ரசமா இருக்குது” என்று போதகர் சொல்லும்போது எனக்கு எவ்வளவு பெருமை!

மதுவைப் பற்றி வேதம் என்ன சொல்கிறது என்று பெண்கள் கேட்பார்கள். சரளமாகப் பேசுவேன். நோவா குடித்து வெறித்துக் கிடந்தது, கானா ஊர்க் கல்யாணத்தில் தண்ணீர் திராட்சரசமானது, வயிற்றுக் கோளாறுக்குக் கொஞ்சம் குடிக்கும்படி தீமோத்தேயுவுக்குப் பவுல் எழுதியது... குடிப்பதல்ல, வெறிப்பதே பாவம் என்று அழகாக முடிப்பேன். சகோதரன் இடறுவான் என்றால் திராட்சரசத்தைத் தொடாமலிருப்பதே நல்லது என்று அதே பவுல் ரோமருக்கு எழுதியதையும் சொல்லிக்கொடுத்தேன். சொல்லித்தான் கொடுத்தேன்!

அந்த ஞாயிற்றுக்கிழமை, என் மகளைப் பெண் கேட்டவர்கள் எங்களோடு ஆராதனைக்கு வந்திருந்தார்கள். மாப்பிள்ளையின் தாயார் எனக்கு ஒரு பக்கம். சாமுவேல் மறுபக்கம்; குடியை விட்டபின் அவன் ஆராதனைக்கு வந்தது அன்றுதான். ரொட்டியும் ரசமும் வாங்கும் திருவிருந்துக்கு எங்கள் வரிசை எழுந்தது. அவன் எழவில்லை. என் காதருகே குனிந்தான்.

“ஏனுங்க்கா, அது புளிச்சதுங்களா, வெறும் ரசமுங்களா?”

ரொட்டியை மட்டும் வாங்கிக்கொள் என்று சொல்லியிருக்கலாம். அவ்வளவுதான் வேண்டியிருந்தது! ஆனால் பாத்திரத்தை அவன் மறுத்தால் அந்த அம்மாள் ஏன் என்று கேட்பாள். சிகிச்சை வெளியே வரும். பெண்ணின் தாய்மாமன் குடிகாரன் என்று ஆகிவிடும்...

“வெறும் திராட்சரசந்தான் கண்ணு. வேதத்துல அப்படித்தானே போட்டிருக்குது? வா, எல்லாரும் பாக்கறாங்க.”

என்ன தந்திரம் பாருங்கள்! நம் தமிழ் வேதத்தில் பழச்சாற்றுக்கும் புளித்த மதுவுக்கும் பெரும்பாலும் அந்த ஒரு சொல்தான். தேவனுடைய வார்த்தைக்குள் ஒளிந்துகொண்டு பொய் சொன்னேன்.

அவன் முழங்காலிட்டான். பாத்திரம் உதட்டில் பட்டது. விழுங்கியதும் என் பக்கம் திரும்பினான். கோபமில்லை... பயம். சின்ன வயதில் தெருநாய் துரத்தினால் என்னைத் தேடுமே அவன் கண்கள், அதே பயம்.

அன்று சாயங்காலம் பட்டறைக்குப் போவதாகச் சொல்லிப் போனான். மறுநாள் பேருந்து நிலையத்தில், நினைவில்லாமல் கிடந்தவனைத் தூக்கி வந்தோம்.

ஒரு மடக்கிலா ஒருவன் விழுவான் என்கிறீர்களா? நானும் என்னிடம் அப்படித்தான் வாதாடிப் பார்த்தேன். வெட்கங்கெட்ட வாதம்! அவனுக்கு அந்த ஒரு மடக்குதான் கதவு. அதைத் திறந்தது யார்?

உபவாசக் கூட்டத்தில் அவன் பெயரைச் சொல்லி ஜெபித்தார்கள். “அவருக்கு விசுவாசம் பத்தலீங்க” என்றார் ஒரு மூப்பர். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் தம்பியைப் பேச இவர் யார்? அந்த வாயைப் பொத்தவேண்டும்போல் இருந்தது. ஆனால் என் வாய் என்ன செய்தது? “ஆமென்” என்றது.

சாமுவேல் யாரிடமும் சொல்லவில்லை. தெளிவாக இருந்த ஒருநாள் கேட்டேன்.

“ஏன்டா ஒருத்தர்கிட்டயும் சொல்லல?”

“சொன்னா நம்ம அம்மணி கல்யாணம் நின்னு போயிருமுங்க்கா.”

அவனுடைய அந்த நல்ல மனதின் மேலும் எனக்கு ஆத்திரம்! காறித் துப்பியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். என் மகளின் கல்யாணம் நன்றாகவே நடந்தது. குடித்துவிட்டு வந்து மானத்தை வாங்கிவிடுவான் என்று, அவனை நான் அழைக்கவில்லை.

எஸ்தர் இப்போது குழந்தையோடு காரமடையில் தாய்வீட்டில் இருக்கிறாள். போன வாரம் போன் செய்தாள்.

“அண்ணி, அன்னைக்குக் காலையில கோயிலுக்குப் பொறப்படறப்ப அவரை நான் திட்டிப்போட்டேனுங்க. அதனாலதான் மறுபடியும் குடிக்கப் போயிட்டாருங்களா?”

இத்தனை காலமாக இதை நினைத்துக்கொண்டா இருந்திருக்கிறாள்! இல்லையம்மா, நான்தான் என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

“அதையெல்லாம் நெனைக்காத கண்ணு. ஆண்டவர் மன்னிப்பாரு. ஜெபம் பண்ணு.”

மன்னிப்பாராம்... அவளை! அவள் செய்யாததற்கு!

அவள் மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

“சரிங்கண்ணி. உங்ககிட்டப் பேசினாத்தானுங்க மனசுக்கு ஆறுதலா இருக்குது” என்றாள்.