பெட்டியை நம்பிய முதலாளி

இராமலிங்கத்தைப் பற்றிச் சொல்லச் சொன்னால் எனக்குக் குமட்டிக்கொண்டு வருகிறது. ஜெயங்கொண்டத்தில் உரக்கடையை மூடிவிட்டுக் கம்ப்யூட்டர் சென்டர் வைத்தவர். நான் அங்கே மூன்று வருடம் வேலை பார்த்தேன். காலையில் கம்ப்யூட்டர் பெட்டிக்குக் கற்பூரம் காட்டுவார். பெட்டி சொன்னால் வேதவாக்கு. மனுசர் சொன்னால் காதில் ஏறாது.

கடையில் நெட் இருந்தது ஒரே கம்ப்யூட்டரில்தான், அதுவும் அரதப் பழசு. திரை மூலையில் நெட் இல்லை என்று சிவப்புப் பெருக்கல் குறி காட்டும். ஆனால் நெட் அது பாட்டுக்கு ஓடும். மெக்கானிக் வயரை மாற்றினார், கார்டை மாற்றினார், குறி போகவில்லை. "குறியப் பாக்காதீங்க. ஏதாச்சும் ஒரு பக்கத்தத் தொறங்க, வந்தா நெட் இருக்கு" என்றார். முதலாளி கேட்டால்தானே!

2006 ஆடியில் பக்கத்து மீன்சுருட்டியிலிருந்து வேம்பு என்பவர் வந்தார். சிங்கப்பூரில் வெல்டிங் வேலை கிடைத்திருந்தது. சம்மதம் என்று சாயங்காலத்துக்குள் மெயில் போட வேண்டும். சென்னை ஏஜென்ட் போனில் கிளம்பும் தேதி சொல்வார். வேம்புவிடம் செல்போன் கிடையாது. பலரையும் போல எங்கள் கடை நம்பரைத்தான், கூப்பிட்டுத் தகவல் சொல்லும் பி.பி. நம்பராகக் கொடுத்திருந்தார்.

"செவப்பா இருக்கு. நெட் இல்ல, போங்க" என்றார் முதலாளி.

அவர் சாப்பிடப் போனதும் வேம்புவை உட்கார வைத்து மெயிலை அனுப்பினேன். போய்விட்டது என்று திரையிலேயே வந்தது. திரும்பி வந்த முதலாளி குறியைப் பார்த்துக் கத்தினார்.

"நெட்டே இல்ல, மெயில் எப்புடிப் போவும்? ஏமாத்துறியா?"

வேம்புவின் முகம் செத்துவிட்டது. பாவி மனுசன், என்னை நம்பவில்லை. "அரியலூர் போயி அனுப்பிட்டு வந்துடுறேன்மா" என்று பஸ் ஏறிவிட்டார்.

அரை மணி நேரத்தில் போன் வந்தது. முதலாளி எடுத்தார்.

"வேம்புவா? எங்க கடையிலேர்ந்து மெயிலா? இங்க நெட்டே இல்லீங்க சார். எவனோ டூப்பு வுட்டுருக்கான்."

வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "ஏஜென்ட்டுதான். வெவகாரம் புடிச்ச ஆளு வேணாம், வேற ஆளப் போட்டுக்கறேன்னுட்டான். ஒன்னாலதான் வந்துச்சு!"

தூ! கல்லை எடுத்து அந்தப் பெட்டியை உடைத்திருப்பேன். இவர் மண்டையைத்தான் முதலில் உடைத்திருக்க வேண்டும்.

சாயங்காலம் வேம்பு வந்தார், கையில் ஒரு பொட்டலம் மிக்சர்.

"அரியலூர்ல மெயில் போயிடுச்சும்மா, பிரிண்ட்டே குடுத்துட்டாங்க. ஏஜென்ட்டு போன் பண்ணாரா?"

முதலாளி ஜெராக்ஸ் மிஷினைத் துடைக்க ஆரம்பித்தார். நான்தான் சொல்ல வேண்டியிருந்தது.